பள்ளத்து லயத்தில் அம்மன்

பாப்பம்மா கெடாவில் மூங்கிலாத்து ரப்பர் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். ஆனாலும் முப்பத்திரண்டு வயது வரை அந்தத் தோட்டத்து மாரியம்மனின் முகத்தை அவள் பார்த்ததில்லை.

கோயில் ஒன்றும் தூரத்தில் இல்லை. கோலா கெத்தில் ஊரிலிருந்து வரும் செம்மண் ரோடு, அவர்கள் பேச்சில் சடக்கு, தோட்டத்துக்குள் நுழைந்ததும் முதலில் ஆபீஸ், அப்புறம் மேட்டு லயம் என்ற தொழிலாளர் வீட்டு வரிசை, இரண்டுக்கும் நடுவே தகரக் கூரை போட்ட கோயில். கோயில் வாசலில் இரண்டு கம்பங்களுக்கு இடையே ஒரு தேங்காய்நார்க் கயிறு கட்டியிருக்கும். மேட்டு லயத்துக்காரர்கள் கயிற்றுக்கு உள்ளே நிற்பார்கள். ஆற்றோரத்துப் பள்ளத்து லயத்துக்காரர்கள் வெளியே, சாக்கடைப் பக்கம் நிற்பார்கள். பாப்பம்மா பள்ளத்து லயம். அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் முதுகுகள், புகை, அந்தப் புகைக்குள் ஒரு வெளிச்சம். அவ்வளவுதான் அம்மன்.

அம்மன் ஒரு முழ உயரம், செம்பு கலந்த உலோகம், முதல் கப்பலில் வந்தவர்கள் நாகப்பட்டினத்திலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தது என்று சொல்லுவார்கள். பாப்பம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரே கேள்வி: அம்மன் சிரிக்கிறாளா, முறைக்கிறாளா? புல் வெட்டும் இடத்தில் மேட்டு லயத்துப் பெண்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறாள். ஒருத்தி சிரிக்கிறாள் என்றாள். இன்னொருத்தி நாக்கைத் துருத்திக்கொண்டு முறைக்கிறாள் என்றாள். மூன்றாவது பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாலை போட்டு மறைச்சிருப்பாங்க, நான் சரியாப் பாக்கல" என்றாள். வருஷக்கணக்காகக் கிட்ட நின்றவளுக்கும் தெரியவில்லை என்பது பாப்பம்மாவுக்கு வேடிக்கையாக இருந்தது.

வெள்ளைக்காரத் துரை ஒரு டிசம்பர் மாதம் காரில் ஏறி ஓடிப்போனார். ஜப்பான்காரன் வந்தான். கடிகாரத்தை அவன் நாட்டு நேரத்துக்குத் திருப்பி வைத்தான். அதனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எல்லோரும் திடலில் வந்து நிற்கும்போது இருட்டு இன்னும் விலகியிருக்காது. பெயர் கூப்பிடுவதற்கு முன் எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து இடுப்பு வரை குனிய வேண்டும். அந்தப் பக்கத்தில், கித்தா என்ற ரப்பர் மரங்களையும் கடலையும் தாண்டி, அவர்களுடைய ராஜாவின் அரண்மனை இருக்கிறதாம். வரிசை ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்பதற்காக உயரத்தின்படி நிறுத்தினார்கள். மேட்டு லயம், பள்ளத்து லயம் என்ற பேச்சே அங்கே எடுபடவில்லை.

பாப்பம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றவள் கங்காணி முருகையாவின் மனைவி பிச்சையம்மாள். இருவரும் ஒரே உயரம். ஒருநாள் குனிந்த வாக்கிலேயே பிச்சையம்மாள் கேட்டாள்:

"ஏ பாப்பம்மா, அங்கிட்டு அப்படி என்னாதான் இருக்கு? எனக்குக் கித்தா மரந்தான் தெரியுது."

"ராசா இருக்காராங்க, கங்காணியம்மா."

"கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலையே. தெரியாததை எப்படிக் கும்பிடுறது?"

"எங்களுக்கு அது பழக்கந்தானுங்க" என்றாள் பாப்பம்மா.

குத்திக் காட்ட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் அந்த வாரம் முழுக்கப் பிச்சையம்மாள் அவளிடம் வாய் திறக்கவில்லை.

ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷம் ஆனபின் லோரி ஒன்று தோட்டம் தோட்டமாக வந்து இரும்பையும் பித்தளையையும் அள்ளத் தொடங்கியது. துரை பங்களாவின் இரும்புக் கதவு போயிற்று. பக்கத்துத் தோட்டத்தில் கோயில் மணியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று செய்தி வந்தது.

அன்று பிற்பகல் நல்ல மழை. பாப்பம்மாவின் வீடு பள்ளத்து லயத்தில் கடைசி வீடு. அவளும் புருஷன் அம்மாசியும் மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாசிக்கு முன்பு மரம் விழுந்து ஒரு கால் விளங்காமல் போயிருந்தது. வாசலில் யாரோ நனைந்துகொண்டு நிற்பது தெரிந்தது. கங்காணி முருகையா. வேலைக்கு விரட்ட லயத்து வாசல் வரை வருவாரே தவிர, அவர் அந்த வீடுகளின் நிலைப்படியைத் தாண்டியதே இல்லை. இப்போது கேட்காமல் உள்ளே வந்தார். கையில் ஒரு கோணிச் சாக்கு மூட்டை, வாய் தைக்கப்பட்டிருந்தது.

"உள்ள அம்மன் இருக்கு" என்றார்.

பாப்பம்மா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஜப்பான்காரன் வந்தா மேட்டு லயத்தத்தான் குடைவான். அம்மன் இங்க இருக்கும்னு ஆபீஸ் கிராணிக்கும் தோணாது, எவனுக்கும் தோணாது. பூசாரிக்கும் எம்பொண்டாட்டிக்கும் மட்டுந்தான் தெரியும். நல்ல காலம் வர்ற வரைக்கும் உங்க வீட்ல இருக்கட்டும்."

அம்மாசி கேட்டான்: "ஏங்க கங்காணி, நாங்க மட்டும் கயித்துக்கு வெளிய நிக்கணும், அம்மன் எங்க வீட்ல வந்து படுத்துக்கலாமா?"

"ஆபத்துக் காலத்துல வம்பு பேசாதடா." கங்காணி பாப்பம்மாவைப் பார்த்தார். "பிரிச்சுப் பாக்கக் கூடாது. பாத்தா கண்ணு போயிரும்."

அவர் போனதும் பாப்பம்மா மூட்டையைத் தூக்கினாள். நல்ல கனம். மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் வைத்தாள். பிறகு கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள். ஆனால் உரிக்க முடியவில்லை. அம்மனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தால் காலை நீட்ட முடியவில்லை. கடைசியில் இருவரும் கிழங்கை எடுத்துக்கொண்டு அஞ்சடிக்கு, வெளித் தாழ்வாரத்துக்கு, போய்விட்டார்கள்.

இரண்டு நாளில் லோரி வந்தது. மணி, குத்துவிளக்கு, சூலம் எல்லாம் போயின. அம்மன் எங்கே என்று கேட்டதற்குக் கங்காணி, திருடன் கொண்டுபோய்விட்டான் என்றார். இரண்டு அறை விழுந்தது. அவர் மாற்றிச் சொல்லவில்லை. பள்ளத்து லயத்துப் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். நாற்பது பேர் போனார்கள். பூசாரி முனியாண்டி அதில் ஒருவர். மேட்டு லயத்து மருதம்மாளின் புருஷன் மணியம் இன்னொருவன்.

அந்த மருதம்மாள்தான் முதலில் வந்தாள். வாசலில் நின்று, "கீரை இருக்கா?" என்று கேட்டாள். இருந்த கீரையைப் பாப்பம்மா கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தாள். மூன்றாவது தடவை கீரையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, போகாமல் நின்றாள்.

"கங்காணியம்மா எங்கிட்ட மட்டும் சொன்னாங்க" என்றாள் மெதுவாக. "ஒரே ஒரு தடவை. உள்ள வரலாமா?"

மேட்டு லயத்துக்காரி ஒருத்தி அவளிடம் அனுமதி கேட்பது அதுதான் முதல் தடவை. தலையை ஆட்டினாள். மருதம்மாள் குனிந்து உள்ளே வந்து, சாக்கு மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து, புருஷன் பெயரைச் சொல்லி அழுதாள். அழுது முடித்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பாப்பம்மா சிரட்டையில் மொண்டு கொடுத்தாள். குடித்தாள்.

மருதம்மாளிடம் மட்டும் சொன்ன ரகசியம் ஆறு மாதத்தில் பத்துப் பதினைந்து பெண்களுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் வெளியே விடவில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் ஒவ்வொருத்தியாகக் கீரை வாங்க வருவார்கள். கொடுக்கக் கீரை இல்லாமல் போனபோது பாப்பம்மா காட்டுத் தழை எதையாவது பிடுங்கிக் கையில் கொடுத்து அனுப்பினாள். செம்பருத்திப் பூ வந்தது. யாரோ ஒருத்தி வாசலில் மரவள்ளி மாவால் ஒரு சின்னக் கோலம் போட்டுவிட்டுப் போனாள். கிழங்கு மாவைத் தின்னாமல் தரையில் போட அந்தப் பஞ்சத்தில் எப்படி மனசு வந்தது என்று பாப்பம்மா அதிசயப்பட்டாள்.

அவள் எல்லாவற்றையும் கவனித்தாள். அடுத்த வீட்டில் தினமும் கெட்ட வார்த்தை சொல்லிச் சண்டை போடுபவர்கள், இப்போது சண்டை வந்தால் ஆற்றங்கரைக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். அம்மாசி சம்சு சாராயம் குடித்தால் வீட்டுக்கு வராமல் மாட்டுக் கொட்டகையில் படுத்தான். யாரும் சொல்லவில்லை. லயத்துக்குள் இருந்த ஒரு மூட்டை அதையெல்லாம் செய்தது. பிச்சையம்மாள் கடைசியாகத்தான் வந்தாள். தாழ்ந்த கூரையில் தலையை இடித்துக்கொண்டாள். உட்கார இடம் தேடி, பாப்பம்மாவின் பாயிலேயே உட்கார்ந்தாள்.

"கனவுல ஏதும் சொல்லுச்சா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க."

"சொன்னா எனக்குச் சொல்லு."

ஆள் இல்லாத நேரத்தில் பாப்பம்மா சாக்கின் மேல் கையை வைத்துத் தடவிப் பார்ப்பாள். பிரிக்கத்தானே கூடாது, தொடக் கூடாது என்று சொல்லவில்லையே. மேலே உருண்டையாக இருந்தது தலை என்றும், கொஞ்சம் கீழே தோள் என்றும் கணக்குப் பண்ணிக்கொண்டாள். தடவத் தடவ அவளுக்குள் ஒரு முகம் உண்டாகிவிட்டது. கொஞ்சம் வட்டமான முகம், சிரிப்பும் இல்லை, முறைப்பும் இல்லை, வேலை முடிந்து உட்கார்ந்திருக்கிறவளின் முகம்.

அந்த வருஷக் கடைசியில் கெடாவைச் சயாம்காரனிடம் ஒப்படைத்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். பெரட்டில் குனிவது மெல்ல மெல்ல நின்றுபோயிற்று. பசி நிற்கவில்லை. கொய்னா மாத்திரை எங்கும் கிடைக்காத நேரத்தில் கங்காணி முருகையாவுக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. ஏழாம் நாள் பேச்சு நின்றது. எட்டாம் நாள் செத்துப்போனார்.

அவர் செத்து ஒன்றரை மாதம் இருக்கும். ஒரு மத்தியான நேரம், பாப்பம்மா வீடு கூட்டும்போது மூட்டையின் அடிப்பக்கத்தை எலி கடித்திருப்பதைப் பார்த்தாள். பதறிப்போய் ஊசியும் சணலும் எடுத்து வந்து தைக்க உட்கார்ந்தாள். ஓட்டை பெரிதாக இருந்தது. சாக்குக்குள் இருந்த மஞ்சள் துணியையும் எலி கிழித்திருந்தது. உள்ளே கறுப்பாக, வழவழப்பாக ஏதோ தெரிந்தது.

கண் போய்விடும் என்று கங்காணி சொன்னது ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடு விரலை உள்ளே விட்டாள். விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஏழு வயதிலிருந்து மிளகாய் அரைத்த விரல். கண்ணைத் திறந்து, சாக்கின் தையலைப் பிரித்து, துணியை உருவினாள்.

அம்மிக் குழவி.

ஒரு முழ நீளம். நடுவில் பருத்து, இரண்டு முனையும் ஒடுங்கி, ஒரு முனையில் சின்னதாக ஒரு சில்லுப் பெயர்ந்திருந்தது. முகம் இல்லை. தோள் என்று நினைத்தது குழவியின் பருத்த நடுப்பகுதி.

அவளுக்குக் கோபம் வரவில்லை, முதலில். முதலில் சிரிப்பு வந்தது. அம்மாசியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் சுவரில் சாய்ந்து இருமல் வரும் வரை சிரித்தான். பிறகு திடீரென்று நிறுத்தினான்.

"சுத்தி வச்சிரு" என்றான்.

"ஏன்? இதுதான் வெறுங் கல்லுன்னு தெரிஞ்சு போச்சே."

"தெரியல. நீ வச்சிரு."

கோபம் மறுநாள்தான் வந்தது. கங்காணி ஏன் இப்படிச் செய்தார்? எங்கள் வீட்டில் அம்மனை வைக்க மனசு வரவில்லையா? அப்படியென்றால் எதற்கு மழையில் நனைந்துகொண்டு வர வேண்டும்? ஒருவேளை தேடி வருகிறவர்கள் இங்கே வரட்டும், அடி எங்கள் மேல் விழட்டும், உண்மையான அம்மன் தப்பட்டும் என்று நினைத்தாரா? அவரே இரண்டு அறை வாங்கிக்கொண்டு எங்களைக் காட்டிக்கொடுக்காமல் நின்றாரே. எத்தனை தடவை புரட்டிப் பார்த்தும் ஒரு பதிலும் முழுசாக ஒட்டவில்லை. கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. உண்மையான அம்மனை எங்கே வைத்தார் என்பதும் அவரோடு போயிற்று.

வெள்ளிக்கிழமை வந்தது. மருதம்மாள் சின்ன மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. கண் குழிந்திருந்தது. சொல்லிவிடலாம் என்று பாப்பம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் மருதம்மாள் மூட்டைக்கு முன்னால் பிள்ளையைக் கிடத்தி, "நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு, தன் வேலை முடிந்ததுபோல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். பத்து நாளாகத் தூங்காதவள் அங்கே உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். பாப்பம்மா கொய்யாக் கொழுந்தைக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரைப் பிள்ளைக்கு ஊட்டினாள். சாயங்காலம் வரை ஊட்டினாள். விளக்கு வைக்கும் நேரம் வந்ததும், என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே எழுந்து போய், மூட்டைக்கு முன்னால் திரியைப் பற்றவைத்தாள். பற்றவைத்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாள்.

தெரிந்தும் இந்தக் கை ஏன் போகிறது? அன்றிலிருந்து அதுதான் அவளுடைய கேள்வி. சில நாள் வேண்டுமென்றே விளக்கு வைக்காமல் இருந்து பார்த்தாள். வீடு காலியான மாதிரி இருந்தது. மறுபடி வைத்தாள்.

அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது.

சண்டை முடிந்தது என்ற செய்தி ஓர் ஆகஸ்ட் மாதம் வந்தது. வெள்ளைக்காரன் இன்னும் வந்து சேரவில்லை. சயாமுக்குப் போன நாற்பது பேரில் ஒன்பது பேர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். பூசாரி வரவில்லை. மணியமும் வரவில்லை. அவனைக் கடைசியாகப் பார்த்ததாக ஒருவன் சொன்னான், இன்னொருவன் அது வேறு ஆள் என்றான்.

பிச்சையம்மாளின் அண்ணன் சீனிவாசகம் கோலா கெத்திலில் மளிகைக் கடை வைத்திருந்தார். கோயில் காரியங்களுக்கு எப்போதும் முன்னால் நிற்பவர். அவர் வந்து, வெள்ளிக்கிழமை அம்மனைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவு செய்தார். அம்மன் இருந்த இடத்தைப் பற்றித் தங்கச்சி சொன்னபோது அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நடந்தது நடந்துபோச்சு. மஞ்சத் தண்ணி தெளிச்சு எடுத்துக்கலாம்" என்றார். கோயில் கம்பத்தில் புதுக் கயிறு ஒன்றையும் கட்டச் சொன்னார். பழையதை யாரோ மாடு கட்ட எடுத்துப் போயிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு லயமும் பாப்பம்மாவின் வாசலில் கூடிவிட்டன. பறை அடித்தார்கள். சீனிவாசகம் சட்டையில்லாமல், தோளில் துண்டு போட்டுக்கொண்டு, மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு முன்னால் நின்றார்.

பாப்பம்மா மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "இதுக்குள்ள அம்மன் இல்ல."

பறை நின்றது.

"பின்ன என்னா இருக்கு?" என்றார் சீனிவாசகம்.

அவள் சாக்கை உருவினாள். மஞ்சள் துணியையும் உருவினாள். குழவி வெயிலில் பளபளத்தது.

"திருடி!" என்று ஒருவன் கத்தினான். "அம்மனை வித்துத் தின்னுட்டாங்கடா!"

அம்மாசி கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தான். சத்தம் ஏறியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே பிச்சையம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குழவியை உற்றுப் பார்த்தாள். சில்லுப் பெயர்ந்த முனையில் விரலை வைத்தாள்.

"இது என் குழவி" என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"இந்தச் சில்லு நான் தலைப்பிள்ளைக்கு முழுகாம இருந்தப்பக் கைநழுவிப் போட்டு உடைஞ்சது. காணோம்னு எவ்வளவு நாள் தேடினேன். அவருதான், அவருதான் கொண்டாந்து வச்சிருக்காரு." அவள் குரல் தாழ்ந்தது. "எங்கிட்டகூடச் சொல்லல. பொய்க் கல்லு முன்னால உக்காந்து நான் அழுதிருக்கேன், அவரு வீட்ல சும்மா இருந்திருக்காரு."

மூன்று நாள் தோண்டினார்கள். கங்காணி வீட்டுத் தோட்டம், மாட்டுக் கொட்டகை, கோயிலுக்குப் பின்னால் இருந்த மேடு, எல்லா இடத்திலும் தோண்டினார்கள். ஒரு துருப்பிடித்த வாளிதான் கிடைத்தது.

நான்காம் நாள் மறுபடியும் கூடினார்கள். சீனிவாசகம், பினாங்கில் சொல்லிப் புதுச் சிலை செய்து வாங்கலாம், அதுவரை கோயில் பூட்டியிருக்கட்டும் என்றார். அப்போது மருதம்மாள் எழுந்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள்.

"அது வரைக்கும் நான் யார்கிட்டப் பேசுறது?" என்றாள்.

"என்னாம்மா சொல்ற?"

"ரெண்டு வருசத்துக்கு மேல நான் அதுகிட்டதான் பேசியிருக்கேன். எம்பிள்ளையை அதுகிட்டதான் கிடத்தினேன். நீங்க இன்னிக்கு வந்து அது குழவிங்கிறீங்க. சரி, குழவிதான். குழவிகிட்டதான் பேசினேன். கேட்டுச்சு."

"பள்ளத்து லயத்துல கிடந்த அம்மிக் குழவியை மூலஸ்தானத்துல வைக்கச் சொல்றியா?"

இதற்குப் பாப்பம்மா பதில் சொன்னாள். "மொதலாளி, அது எங்க வீட்டுக் குழவி இல்லீங்க. மேட்டு லயத்துக் குழவி. எங்க வீட்ல இருந்துச்சு, அவ்வளவுதான்."

யாரோ சிரித்துவிட்டார்கள். சீனிவாசகம் கணக்குப் போட்டுப் பார்த்தார். கல் மேட்டு லயத்துடையது. விளக்கு வைத்த கை பள்ளத்து லயத்துடையது. கும்பிட்டவர்கள் எல்லா லயமும். எதற்கு எதைத் தெளித்து எதைச் சுத்தம் செய்வது என்று அவருக்கே பிடிபடவில்லை. பிச்சையம்மாள் சொன்னாள்: "அண்ணே, வச்சிருவோம். ஆத்தா எதுல வரணும்னு நெனச்சாளோ அதுல வந்திருக்கா."

அடுத்து, யார் தூக்குவது என்ற கேள்வி வந்தது. அது சாமி என்று நம்பியவர்கள் தொடப் பயந்தார்கள். அது கல் என்று நினைத்தவர்கள், கல்லைத் தலையில் சுமந்துகொண்டு ஊர்வலம் போவதா என்று பின்வாங்கினார்கள். கடைசியில் பாப்பம்மாவே தூக்கினாள். குழவியை மார்போடு அணைத்துக்கொண்டு சடக்கு வழியே நடந்தாள். பின்னால் பறையும் கூட்டமும் வந்தன.

கோயில் வாசலில் புதுக் கயிறு. பாப்பம்மா நின்றுவிட்டாள். கால் தானாக நின்றது. உள்ளே நின்ற சீனிவாசகம் இரண்டு கையையும் நீட்டினார்.

"குடு, நான் வாங்கிக்கிறேன்."

அவள் கொடுக்கவில்லை. அவரைப் பார்த்தாள். எதிர்த்து நிற்க வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு இல்லை. அவளுக்கு ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"மொதலாளி, கோவிச்சுக்காதீங்க. இது அம்மன்னா, இம்புட்டு நாளா எங்க வீட்ல இருந்தது அம்மன். நானே தொட்டு வச்சிருந்தேன். இது வெறுங் கல்லுன்னா, எதுக்குக் கயிறு?"

சீனிவாசகத்தின் கை நீட்டியபடியே இருந்தது. அவர் கெட்ட மனுஷர் இல்லை. பிச்சையம்மாள்தான் வந்தாள். கொடியில் காயும் துணியைத் தூக்கிவிடுகிற மாதிரி, ஒரு கையால் கயிற்றை மேலே தூக்கிப் பிடித்தாள்.

"தலையைக் குனிஞ்சு வா. கல்லு கனமா இருக்கும்" என்றாள்.

பாப்பம்மா குனிந்து உள்ளே போனாள். ஏழெட்டு அடி தூரந்தான். இவ்வளவு கிட்டவா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. குழவியைப் பீடத்தில் நிறுத்தி, அசையாமல் இருக்க அடியில் களிமண் வைத்தாள். பிச்சையம்மாள் மஞ்சளைக் குழைத்து அப்பி, முன்பு தன் தாலியோடு கோத்திருந்த இரண்டு வெள்ளிக் காசுகளை முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கண்களாகப் பதித்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சீனிவாசகம் அதன் பிறகு ரொம்ப நாள் அந்தக் கோயிலுக்கு வரவில்லை. மேட்டு லயத்தில் இரண்டு குடும்பம் கோலா கெத்தில் கோயிலுக்கே போகத் தொடங்கின. கயிற்றை யாரும் அவிழ்க்கவும் இல்லை. அதைத் தூக்கிவிட்டு உள்ளே போகிறவர்கள் போனார்கள். அம்மாசி வழக்கம்போலச் சாக்கடைப் பக்கமே நின்றான். "எனக்கு இங்கேருந்தே நல்லாத் தெரியுது" என்றான். ஆனால் பள்ளத்து லயத்துச் சின்னப் பெண்கள் ஒரு நாள்கூட வெளியே நிற்கவில்லை. முதல் வெள்ளிக்கிழமையே கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடிவிட்டார்கள். கூப்பிட்டுத் திட்ட ஆள் இல்லை.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் பாப்பம்மாவும் மருதம்மாளும் கோயிலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சளுக்கு நடுவே இரண்டு வெள்ளிக் கண்கள் விளக்கில் மினுங்கின. அடியில் இருப்பது என்ன என்று இருவருக்கும் தெரியும்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா?" என்றாள் பாப்பம்மா. "நீங்க கும்பிடுறப்ப உங்களுக்கு என்னா தெரியுது?"

மருதம்மாள் யோசித்தாள்.

"சடக்கு தெரியுது" என்றாள். "அதுல அவரு நடந்து வர்றாரு." பிறகு, "உனக்கு?" என்று கேட்டாள்.

"எனக்கு அதைப் பாக்குறவங்க முகந்தான் தெரியுது" என்றாள் பாப்பம்மா. "நானும் எவ்வளவோ பாத்துட்டேன். ஒருத்தர் முகம் மாதிரி இன்னொருத்தர் முகம் இல்ல."

மருதம்மாளின் மகன் தூணைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். அவள் எழுந்து அவனைப் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். பாப்பம்மா விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தாள். மழை வருவதற்குள் போய்விடலாம் என்று இருவரும் கயிற்றைத் தூக்கிக் குனிந்து வெளியே வந்தார்கள்.